லினக்ஸ் கணினியில் பிரவுசர் விளையாட்டு ஓடவில்லையா? முதலில் அது எந்த வகை என்று பாருங்கள்

அக்கா வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்த மறுநாளே அவள் மகள் போனில் அழைத்துவிட்டாள். "மாமா, என் விளையாட்டு எதுவுமே ஓடவில்லை." நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு விளையாட்டு வெறும் சாம்பல் நிறக் கட்டமாக நின்றது. இன்னொன்று திறந்தது, ஆனால் கார் சீராக நகராமல் தத்தித் தத்திப் போனது. இரண்டுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு. எதையும் நிறுவுவதற்கு முன் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: வகையைக் கண்டுபிடியுங்கள்

இப்போது வரும் விளையாட்டுகள் பெரும்பாலும் எச்டிஎம்எல்5, வெப்ஜிஎல் என்ற, பிரவுசரே நேரடியாக ஓட்டும் தொழில்நுட்பங்களைக் கொண்டு செய்யப்பட்டவை. அவற்றுக்குப் புதிய ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் ஒன்றே போதும். வெற்றுக் கட்டமோ, ஃபிளாஷ் பிளேயர் வேண்டும் என்ற அறிவிப்போ தெரிந்தால் அது பழைய ஃபிளாஷ் விளையாட்டு; அதை ஓட்ட பிரவுசரோடு ஃபிளாஷ் பிளேயர் என்ற தனி மென்பொருள் தேவைப்பட்டது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கு முடிவு கட்டியது.

அதனால் பழைய ஃபிளாஷ் பிளேயரை எங்கிருந்தாவது தேடி எடுத்து நிறுவாதீர்கள். அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க இப்போது ஆள் இல்லை. குழந்தைகள் பயன்படுத்தும் கணினியில் அது கூடவே கூடாது.

படி 2: ஃபிளாஷுக்கு ரஃபிள்

ரஃபிள் என்பது ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே ஃபிளாஷ் விளையாட்டுகளை ஓட்டும் துணை மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ் மெனுவில் ஆட்-ஆன்ஸ் பக்கத்தைத் திறந்து ரஃபிள் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசம். பிறகு விளையாட்டுப் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். விளையாட்டின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ரஃபிளின் பெயர் தெரிந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள்.

எல்லாமே ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2006-இல் ஃபிளாஷ் 9-உடன் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற நிரல் மொழியில் எழுதியவற்றில் சில இன்னும் தடுமாறும். அதற்கு முந்தையவை பெரும்பாலும் நன்றாக ஓடுகின்றன. ஃபார்ம்வில் போல நிறுவனத்தின் சர்வரை நம்பி இருந்தவை, சர்வர் மூடியதோடு போய்விட்டன. அவற்றை ரஃபிளாலும் மீட்க முடியாது.

படி 3: தத்தித் தத்தி ஓடினால்

ஃபயர்ஃபாக்ஸ் மெனுவில் 'ஹெல்ப்', அதற்குள் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, 'கிராஃபிக்ஸ்' பகுதிக்கு வாருங்கள். அங்கே வெப்ஜிஎல் 'டிரைவர் ரெண்டரர்' என்ற வரியைப் படியுங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருந்தால் நல்லது. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், படம் வரையும் வேலை முழுவதையும் பிராசஸரே சுமக்கிறது. அக்கா வீட்டில் அதுதான் இருந்தது; விளையாட்டைத் திறந்ததும் விசிறி இரைந்ததற்குக் காரணம் புரிந்தது.

அந்தக் கணினியில் இருந்தது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. மின்ட் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருந்த டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினேன். அந்த வரியில் என்விடியா பெயர் வந்தது. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்டெல், ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் லினக்ஸோடே வந்துவிடும். 'அப்டேட் மேனேஜர்' காட்டும் புதுப்பிப்புகளைத் தவறாமல் போட்டு வந்தால் போதும்.

படி 4: சத்தம் வரவில்லையென்றால்

பக்கம் தானாக ஒலி எழுப்புவதை ஃபயர்ஃபாக்ஸ் தடுக்கும். விளையாட்டின் மேல் ஒருமுறை கிளிக் செய்து பாருங்கள். அதற்கும் வராவிட்டால், முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு ஒலியை அனுமதியுங்கள்.

கடைசியாக ஒன்று. ரஃபிளில் ஆடும் விளையாட்டுகள் எத்தனை கட்டம் தாண்டினோம் என்பதை பிரவுசருக்குள்தான் சேமிக்கின்றன. குக்கி, தளத் தரவு என்று எல்லாவற்றையும் துடைத்தால் அதுவும் சேர்ந்து அழியும். சுத்தம் செய்வதற்கு முன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.