டில்ட் தூக்க மாட்டேன் என்கிறதா? பம்பை மாற்றும் முன் சத்தத்தைக் கேளுங்கள்

பழைய அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) வைத்திருப்பவர்களுக்கு இது என்றைக்காவது ஒருநாள் நடந்துவிடும். முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்துவிட்டீர்கள், தண்ணீர் குறைகிறது, இன்னும் கொஞ்ச தூரத்தில் மணல் தட்டப்போகிறது, இன்ஜினைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கும் டில்ட் பொத்தானை அழுத்தினால் இன்ஜின் அசையவே இல்லை. எனக்கு நடந்தபோது நேராக ஒரு பட்டறைக்குத்தான் கொண்டுபோனேன். பம்ப் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்டு மலைத்துப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்ததில், ஒரு ஸ்க்ரூ சரியாக இறுகாமல் இருந்தது தெரிந்தது. அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன், உங்கள் பணமாவது மிச்சமாகட்டும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜினைப் படகோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கு நடுவே ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் சுற்றும். அதற்குக் கீழே கியர் பம்ப், பக்கத்தில் ஆயில் டப்பா. மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் ஆயில் சிலிண்டருக்குள் போய் தண்டை வெளியே தள்ளும், இன்ஜின் ஏறும். மறுபக்கம் சுற்றினால் இறங்கும். ஓடும்போது அணியத்தை (படகின் முன்பகுதியை) கொஞ்சம் ஏற்றி இறக்கப் பயன்படும் சிறிய கோணம் ட்ரிம், தண்ணீரை விட்டே வெளியே தூக்குவது டில்ட். சில மாடல்களில் ஒரே தண்டு இரண்டையும் செய்யும். வேறு சிலவற்றில் இரண்டு பக்கமும் குட்டையான ட்ரிம் தண்டுகள், நடுவில் நீளமான டில்ட் தண்டு என மூன்று இருக்கும்.

கை வைக்கும் முன்

இப்படிப் பொத்தானில் ஏறி இறங்கும் இன்ஜின்கள் 100 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பி அதற்குக் கீழே தலையையோ கையையோ விடாதீர்கள். தூக்கியதும் டில்ட் லாக் நெம்புகோலைப் போட்டு, அதோடு ஒரு தடிமனான மரக்கட்டையையும் முட்டுக் கொடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பேட்டரி வயரில் கை வைக்க வேண்டாம், மூடியைத் திறந்து காற்றாட விட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

படி 1: பொத்தானை அழுத்திக் காதால் கேளுங்கள்

யாராவது ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் இன்ஜின் பக்கத்தில் நில்லுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

- ஒரு சத்தமும் இல்லை: பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச் பக்கம் கோளாறு.
- டிக் என்று மட்டும் கேட்கிறது: ரிலே (பொத்தானை அழுத்தியதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) வரைக்கும் கரண்ட் வருகிறது. ரிலே முனை, வயர், எர்த், மோட்டார் இவற்றில் ஒன்று.
- மோட்டார் விர்ரென்று லேசாகச் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை: ஆயில் குறைவு, அல்லது ரிலீஸ் ஸ்க்ரூ (படி 3-ல் சொல்கிறேன்) திறந்திருக்கிறது.
- முக்கி முனகிச் சுற்றுகிறது: வோல்ட்டேஜ் போதவில்லை, அல்லது எங்கோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது.
- நன்றாக ஏறுகிறது, ஆனால் தானாக இறங்கிவிடுகிறது: உள்ளே ஆயில் கசிந்து திரும்புகிறது.

படி 2: கரண்ட் பக்கம்

நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். மீட்டரை வைத்தபடியே பொத்தானை அழுத்துங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், முதலில் பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள், பம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முனைகளைக் கழற்றி எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து மறுபடி இறுக்குங்கள்.

இன்ஜின் மூடியின் பக்கவாட்டில் இன்னொரு டில்ட் சுவிட்ச் இருக்கிறதா? அது வேலை செய்து, கன்ட்ரோல் ஹேண்டிலில் இருப்பது மட்டும் செய்யவில்லை என்றால், கோளாறு ஹேண்டில் சுவிட்சிலோ அதிலிருந்து வரும் வயரிலோதான்.

ஏறுகிறது, ஆனால் இறங்கவில்லை, அல்லது இறங்குகிறது, ஆனால் ஏறவில்லை என்றால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று இரண்டு தனித்தனி ரிலேக்கள் உள்ள இன்ஜின்களில், அவை ஒரே மாதிரியாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இதுவரை ஏறிக்கொண்டிருந்தது இப்போது ஏறாமல், இறங்க ஆரம்பித்தால் ரிலேதான் கெட்டிருக்கிறது.

அடுத்து மோட்டார் வயர். பல இன்ஜின்களில் நீல வயர் ஏற்றத்துக்கு, பச்சை வயர் இறக்கத்துக்கு. இணைப்பைக் கழற்றாமல், பின்பக்கமாக மீட்டர் ஊசியைச் செருகி, பொத்தானை அழுத்தியபடி இரண்டுக்கும் இடையே அளவெடுங்கள். கழற்றி வைத்து அளந்தால் உள்ளே பச்சைப்பிடித்து ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும், ஆனால் மோட்டாருக்கு வேண்டிய கரண்டை அதனால் கொடுக்க முடியாது. உப்புத் தண்ணீரில் ஓடும் படகில் இது சர்வசாதாரணம்.

சரியான வோல்ட்டேஜ் வந்தும் மோட்டார் சுற்றவில்லையா, ரப்பர் சுத்தியலால் மோட்டார் மேல் மெல்லத் தட்டிக்கொண்டே அழுத்திப் பாருங்கள். சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கரை சேரலாம், ஆனால் அந்த வாரமே கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் மேல் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே துரு பொடிப்பொடியாக இருக்கும். சில பழைய இன்ஜின்களின் மோட்டாரில் மூன்று வயர் வரும், அதில் கருப்பு எர்த். அந்த வகைக்கு பேட்டரியிலிருந்து நேராக இணைத்துச் சோதிக்கும்போது கருப்பு எப்போதும் நெகட்டிவில்தான் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுக்கக் கூடாது.

படி 3: ரிலீஸ் ஸ்க்ரூ

பிராக்கெட்டின் ஒரு பக்கத்தில் ஒரு துளை, அதற்குள் தட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் ஸ்க்ரூ. கரண்ட் இல்லாத சமயத்தில் கையால் தூக்குவதற்காக வைத்தது. இடப்பக்கம் திருப்பினால் ஆயில் இஷ்டத்துக்கு ஓடும், வலப்பக்கம் முழுக்க இறுக்கினால்தான் அழுத்தம் நிற்கும். என் இன்ஜினில் தவறியது இதுதான். யாரோ கையால் தூக்கிவிட்டு, பாதி இறுக்கியதோடு விட்டிருக்கிறார்கள். அகலமான, நுனி தேயாத டிரைவரால் நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், தலை சிதைந்துவிட்டால் பெரிய பாடு. முழுக்க வெளியே எடுக்க வேண்டாம். அழுத்தம் இருக்கும்போது எடுத்தால் ஆயில் பீறிடும், இன்ஜின் அப்படியே இறங்கும்.

படி 4: ஆயில்

இன்ஜினை முழுக்க மேலே தூக்கி, லாக் போட்ட பிறகுதான் ஆயில் மூடியைத் திறக்க வேண்டும். இறங்கிய நிலையில் திறக்கவே கூடாது, கண்ணில் அடிக்கும். மோட்டார் தூக்காவிட்டால் ரிலீஸ் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ செயின் பிளாக் கட்டியோ தூக்கி, லாக் போட்டு, ஸ்க்ரூவை மறுபடி இறுக்குங்கள். துளையின் விளிம்பு வரைக்கும் ஆயில் தெரிய வேண்டும். யமஹா வகைகளுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றுவது) டெக்ஸ்ரான் ஆயில், மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டில் சொன்னது. பிரேக் ஆயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப்போய்விடும்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பழையதை முழுக்க வெளியேற்றிப் புதிது ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு மூடியைப் போட்டு, நான்கைந்து தடவை முழுக்க ஏற்றி இறக்கி, ஒவ்வொரு தடவை மேலே வந்ததும் சில நிமிடம் விட்டு அளவைப் பாருங்கள். மாட்டியிருக்கும் காற்று இப்படித்தான் வெளியேறும், அளவு குறையும், மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஒரு தடவையோடு விட்டால் அடுத்த நாள் விட்டுவிட்டுத் தூக்கும், திரும்பவும் பம்ப் மேல் சந்தேகம் வரும்.

தண்டுகளை ஒரு துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். உப்பு அரித்துச் சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தால் சீல் எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது, அந்தக் குழியின் விளிம்பே புது சீலைக் கிழித்துவிடும். தண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

படி 5: இறுகிப்போன மூட்டுகள்

ரிலீஸ் ஸ்க்ரூவைத் திறந்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கையால் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தாலும் வழுக்கிக்கொண்டு வந்தால் மூட்டுகள் நன்றாக இருக்கின்றன. கிறீச்சிட்டு நின்று நின்று வந்தால் டில்ட் குழாயிலும் (இன்ஜின் ஏறி இறங்கச் சுழலும் அச்சு) தண்டின் பின்களிலும் கிரீஸ் காய்ந்து துரு பிடித்திருக்கிறது. பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் தானாக இறங்கினால், பம்ப் வால்வுகளிலோ ரிலீஸ் ஸ்க்ரூவின் ரப்பர் வளையத்திலோ டில்ட் பிஸ்டனிலோ கசிவு. வளையத்தை அழுத்தம் இறங்கிய நிலையில் மாற்றிவிடலாம், மலிவானது, முதலில் அதைச் செய்யுங்கள். வால்வு பிளாக்கைப் புதிதாகப் பழகுகிறவர்கள் திறக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குட்டிக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் தெறித்து ஓடும், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் போச்சு. அதற்கு மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் போங்கள், இதுவரை நீங்கள் பார்த்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் இன்ஜினைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, லாக் போடாமல், தண்டு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டு அப்படியே இரவு முழுக்க விடுங்கள். கீழே யாரும் படுக்கவோ பிள்ளைகள் விளையாடவோ கூடாது. காலையில் கோடு அதே இடத்தில் இருந்தால் படகை இறக்கலாம், உள்ளே போய் மறைந்திருந்தால் மறுபடி ரிலீஸ் ஸ்க்ரூவிலிருந்து தொடங்குங்கள்.