கட்டிலோரப் படப்பலகை: வார்டில் பெரியவர்கள் விழாமலிருக்க, படம் காட்டி விளக்குவது எப்படி

"எழுந்திருக்கணும்னா பெல் அடிங்க ஐயா" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டும்போது, இதற்குப் போய் சிஸ்டரைக் கூப்பிடுவதா என்று தானே எழுந்து போவார்கள். அவர்களுக்குக் காது கேட்கவில்லை என்பதல்ல. நேற்றுவரை வீட்டில் நடமாடியவருக்கு, விழுவது என்பது வேறு யாருக்கோ நடப்பது. அவருடைய உடம்பு இந்த வாரம் எப்படி மாறியிருக்கிறது என்பதைக் கண்ணால் காட்ட வேண்டும். அதற்கான பலகையை ஒரு மதியத்தில் செய்துவிடலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சுவரில் பொதுவான போஸ்டர் ஒட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது. அமெரிக்காவின் பாஸ்டனில் உருவான 'ஃபால் டிப்ஸ்' முறையில், ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய காரணத்தையும் அதற்கான செயலையும் ஒரே நிறத்தில் குறித்த பலகை கட்டிலருகே இருக்கும். அதை நோயாளியும் குடும்பமும் நர்ஸோடு சேர்ந்தே நிரப்புவார்கள். 2020-இல் வெளியான ஆய்வில் விழுதல்கள் 15 சதவீதமும், காயம்பட விழுவது 34 சதவீதமும் குறைந்திருந்தன. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளிவந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: வீடியோவும் புத்தகமும் மட்டும் கொடுத்தால் போதவில்லை, கூடவே ஒருவர் உட்கார்ந்து பேசியபோது, மனத்தெளிவுள்ள நோயாளிகள் விழுவது குறைந்தது. ஆகவே பலகையைப் பேச்சுக்கான கருவியாகப் பாருங்கள்.

1. காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

பல மருத்துவமனைகளில் விழும் ஆபத்தை மதிப்பிட மோர்ஸ் அளவுகோல் இருக்கும். அதில் ஆறு கேள்விகள், அடைப்புக்குறிக்குள் அவற்றின் மதிப்பெண்: முன்பு விழுந்திருக்கிறாரா (25), வேறு நோயும் உண்டா (15), கைத்தடி, வாக்கர் அல்லது மேசை நாற்காலியைப் பிடித்து நடக்கிறாரா (30 வரை), கையில் ட்ரிப்ஸ் ஊசி இருக்கிறதா (20), நடை தளர்ந்திருக்கிறதா (20 வரை), தன்னால் எவ்வளவு முடியும் என்பதை மறந்துவிடுகிறாரா (15). மொத்தம் 45-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து அதிகம் என்று பல இடங்களில் கொள்கிறார்கள். மதிப்பெண் நர்ஸுக்கு மட்டும். பலகையில் "65" என்று எழுதினால் சர்க்கரை அளவா, கட்டில் எண்ணா என்று குழம்புவார்கள். எந்தக் கேள்விக்கு மதிப்பெண் விழுந்ததோ, அதற்கான படத்தை மட்டும் ஒட்டுங்கள். ஒருவருக்கு மூன்று படம் போதும். ஐந்தைத் தாண்டினால் அது சுவர் அலங்காரம்.

2. படம் எடுங்கள்

இணையத்திலிருந்து எடுத்த, வெள்ளைக்காரப் பாட்டி வாக்கர் பிடித்திருக்கும் படம் வேண்டாம். உங்கள் வார்டின் கட்டில், உங்கள் வார்டின் பெல் பட்டன், உங்கள் வார்டின் கழிப்பறைக் கதவு இவற்றையே மொபைலில் எடுங்கள். நடிக்க ஊழியர் ஒருவர் போதும். நோயாளி முகம் வேண்டாம்.

விழுந்து கிடப்பவரின் படத்தை ஒட்டாதீர்கள். கட்டில் தலைமாட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் வீட்டார் அபசகுனம் என்று முதல் நாளே கழற்றி வைத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுவதும் உதவாது: பார்வை மங்கியவருக்குக் குறி கண்ணில் படாது, படம்தான் படும். செய்ய வேண்டியதைக் காட்டுங்கள்.

வெறும் கையை மட்டும், காலை மட்டும் வெட்டிக் காட்டினாலும் சிலருக்குப் புரியாது. முழு உருவம் இருக்கட்டும். அம்புக்குறியும் அப்படித்தான், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அது வெறும் கோடு. "முதலில் இது, பிறகு இது" என்று காட்ட 1, 2, 3 என்று பெரிதாகப் போடுங்கள்.

3. அச்சும் லேமினேஷனும்

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். வெளிர் நிறங்கள் கரைந்துபோகும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. கட்டிலிலிருந்து பலகை 2 மீட்டர் தள்ளியிருந்தால் எழுத்து 2 செ.மீ. உயரமாவது வேண்டும், கையில் கொடுக்கும் அட்டைக்கு 24 பாயின்ட். ஒரு படத்துக்குக் கீழே நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம்: "உட்காருங்கள். பிறகு எழுங்கள்."

பலகை ஏ3 அளவு அட்டை. படங்கள் ஒவ்வொன்றும் ஏ6. முதலில் வெட்டி, பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் 5 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட்டு மறுபடி வெட்டுங்கள். ஓரம் விடாமல் வெட்டினால் துடைக்கும் ஸ்பிரிட் காகிதத்துக்குள் ஏறி ஒரே வாரத்தில் ஊறிவிடும். பளபளப்பான பிளாஸ்டிக் டியூப்லைட்டைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும், பளபளப்பில்லாத 'மேட்' வகை வாங்குங்கள். பின்னால் வெல்க்ரோ ஒட்டினால் நோயாளி மாறும்போது படத்தையும் மாற்றலாம்.

மாட்டும் முன் வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஐந்து பெரியவர்களிடம் எழுத்தை மறைத்துக்கொண்டு, "இந்தப் படம் என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். இரண்டு பேர் தப்பாகச் சொன்னால் படத்தைத்தான் மாற்ற வேண்டும்.

4. பாட்டில் விளக்கம்

"எழுந்ததும் தலை சுற்றும்" என்பதை எந்தப் படமும் சரியாகக் காட்டாது. இதற்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை குங்குமம் கலந்து மூடுங்கள். படுக்க வைத்தால் நீளம் முழுக்கத் தண்ணீர் பரவியிருக்கும். சட்டென்று நிமிர்த்துங்கள்: எல்லாம் அடியில். மூடிப் பக்கம்தான் தலை என்று காட்டுங்கள்.

நாம் எழும்போது சுமார் அரை லிட்டர் ரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. இளம் உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி உடனே ஈடுகட்டும். வயதானவருக்கு, அதிலும் பி.பி. மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கு, அது தாமதமாகும். கண் இருட்டிக்கொண்டு வருவது அதனால்தான்.

அவருடைய எண்களையே காட்டினால் இன்னும் அழுத்தமாகப் பதியும். 5 நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள், நின்ற 1-ஆவது, 3-ஆவது நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நிற்கவைக்கும்போது ஒருவர் பிடித்திருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள். படுத்தபோது 140, நின்றபோது 112 என்றால், இரண்டு தூண்களாக வரைந்து உயர வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

பிறகு எழும் முறைக்கான மூன்று படங்கள், ஒரே அட்டையில்: ஒருக்களித்துத் திரும்பி உட்காருதல், இரண்டு நிமிடம் உட்கார்ந்தபடி பாதத்தைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்தல், கட்டிலைப் பிடித்து நின்று முப்பது எண்ணுதல். தனியாக எழக்கூடாதவருக்கு இவற்றுக்கு முன்னால் பெல் படம்.

செருப்புக்குப் படமே வேண்டாம். அவருடைய ஹவாய் செருப்பைத் திருப்பி, தேய்ந்து வழவழப்பான அடிப்பாகத்தை அவர் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. உட்கார்ந்து பேசுங்கள்

முதலில் மூக்குக்கண்ணாடி, காது மெஷின். டி.வி.யை அணையுங்கள். தூக்க மாத்திரை கொடுத்த பிறகோ ஆபரேஷன் முடிந்த அன்றோ விளக்கினால் எதுவும் மனதில் நிற்காது. ஐந்து நிமிடம் போதும். கூட இருக்கும் மகளோ பேரனோ கட்டாயம் கேட்கட்டும். இரவில் அவர்கள்தான் இருப்பார்கள். இரவு ஆள் மாறினால் புதியவருக்கும் சொல்லுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "புரிஞ்சுது" தான். "ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவீங்கம்மா, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். கை பெல்லைத் தேடினால் சரி. பெல் எட்டாத தூரத்தில் தொங்குவது அப்போதுதான் பல வார்டுகளில் தெரியவரும்.

குழப்பநிலையில் இருப்பவர், மறதி நோய் உள்ளவர் ஆகியோருக்குப் பலகையை நம்பாதீர்கள். பலகை அப்போது வீட்டாருக்கானது; அவர் பக்கத்தில் ஆள் வேண்டும், கட்டில் தாழ்வாக இருக்க வேண்டும்.

6. தினமும் பாருங்கள்

காலை ஷிப்ட் மாறும்போது பலகையையும் பாருங்கள். ட்ரிப்ஸ் எடுத்துவிட்டார்கள் என்றால் ட்ரிப்ஸ் ஸ்டாண்டு படமும் போக வேண்டும். ஒரு படம் பொய் என்று தெரிந்தால் மற்றவற்றையும் நோயாளி நம்பமாட்டார். படங்களை ஸ்பிரிட்டால் துடைத்து உறையில் வைத்தால் அடுத்தவருக்கு ஆகும். டிஸ்சார்ஜ் அன்று எழும் முறை அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். பெல் இருக்கும் அட்டை வேண்டாம், வீட்டில் பெல் கிடையாது.