டியூக் பைக்குக்குக் கம்பி வீல்: ஸ்பேனரை எடுக்கும் முன் வெர்னியர் அளவுகோலை எடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அலாய் வீலைக் கழற்றிவிட்டுக் கம்பி வீல் போடுவதால் வண்டி வேகமாக ஓடப்போவதில்லை. எடையும் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். அழகுக்காகச் செய்கிற வேலை இது. அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. கோவை கணபதியில் பட்டறை வைத்து வீல் கட்டும் எனக்குச் சோறு போடுவதே அந்த அழகுதான். கூடவே ஒரு லாபமும் உண்டு. பள்ளத்தில் இறங்கி அலாய் வீலில் விரிசல் விட்டால் முழு வீலையும் மாற்ற வேண்டும். கம்பி வீலில் கோட்டம் எடுக்கலாம், ஒடிந்த கம்பியை மட்டும் மாற்றலாம், ரிம் போனால் ரிம்மோடு செலவு நிற்கும். ஆனால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் முழங்கால் உரச வளைகிறவர் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். உங்களுக்கு அலாய்தான்.

பேச்சுக்கு கேடிஎம் 390 டியூக் பைக்கை எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் அதிகம் வருவதும் அதுதான். டயர் முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குலம். ரிம் அகலம் முன்னால் 3 அங்குலம், பின்னால் 4. இந்த எண்களை மாற்றாதீர்கள். 18 அங்குலம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று கைப்பேசியில் படம் காட்டுவார்கள். சக்கரத்தின் சுற்றளவு மாறினால் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் கணக்கு மாறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், திருப்பத்தில் வண்டி வேறு குணம் காட்டும். படத்தில் நிற்கிற வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

வழி மூன்று. முதலாவது, உறவுக்கார வண்டியின் வீலை வாங்குவது. ஹஸ்க்வர்னாவின் ஸ்வார்ட்பிலன் 401, டியூக்கின் அதே குடும்பம். புனே அருகே சாக்கனில் உள்ள பஜாஜ் ஆலையில்தான் அதுவும் பிறக்கிறது. கம்பி வீலோடு வருகிறது. ஒரே குடும்பம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. தலைமுறைக்குத் தலைமுறை ஹப்பும் (வீலின் நடுப்பகுதி) ஆக்சிலும் (அதன் ஊடே போகும் தண்டு) பிரேக் டிஸ்க் பொருந்தும் இடமும் மாறியிருக்கின்றன. வாங்கினால் டிஸ்க், ஏபிஎஸ் சென்சார் படிக்கும் பல் வளையம், காலர் (ஆக்சிலில் பேரிங்குக்கு வெளியே உட்காரும் வளையம்), ஆக்சில், ஸ்ப்ராக்கெட் (செயின் பற்சக்கரம்) தாங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். வீல் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வருகிறவர்கள், மிச்சத்தைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள்.

இரண்டாவது வழி, உங்கள் வண்டிக்கென்றே ஹப் கடைந்து, வெற்று ரிம் வாங்கித் துளையிட்டுக் கட்டுவது. கீழே நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். மூன்றாவது, இருக்கிற அலாய் வீலின் கைகளை அறுத்தெறிந்து, நடுப்பகுதியில் துளை போட்டு அதையே ஹப்பாக்குவது. அதை நான் செய்வதில்லை. கம்பியின் இழுவையைத் தாங்குவதற்காக வார்த்த உலோகம் அல்ல அது. துளை ஓரத்தில் விரிசல் ஓடத் தொடங்கினால் வெளியே தெரியாது.

அளவெடுப்பதை, அலாய் வீல் வண்டியில் இருக்கும்போதே தொடங்குங்கள். வண்டியைச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, செயின் நேர்கோட்டை ஒரு நீளமான இரும்புப் பட்டையால் பார்த்துக் குறியுங்கள். பிறகு வீலைக் கழற்றி மேசையில் படுக்க வைத்து, டிஸ்க் உட்காரும் முகத்தின் மேல் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அங்கிருந்து ரிம்மின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் மேலே அல்லது கீழே இருக்கிறது என்று பாருங்கள். நான்கு இடத்தில் பார்த்துச் சராசரி எடுங்கள். இந்த ஒரு எண்தான் புது ரிம்மை வண்டியின் நடுக்கோட்டில் நிறுத்தப்போகிறது. பின் வீலில் ஸ்ப்ராக்கெட் பக்கமும் இதே போல எடுக்க வேண்டும். டிஸ்க் போல்ட் வட்டத்தின் விட்டம், டிஸ்க் நடுவில் உட்காரும் படியின் விட்டம், இரு காலர்களின் நீளம், பேரிங் எண், பேரிங் உட்காரும் ஆழம் எல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் போய் நின்றுகொண்டு ‘இதே மாதிரி’ என்று சொன்னால் ‘இதே மாதிரி’தான் கிடைக்கும்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். உள் ஸ்பேசர் என்பார்கள். பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆக்சில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் பேரிங்கின் உள்வளையம், இந்தக் குழாய், மறுபக்க உள்வளையம் என்று நேராகக் கடந்து போக வேண்டும். குழாய் கால் மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும். சோதனை எளிது: நட்டு தளர்வாக இருக்கும்போது வீலைச் சுற்றிவிடுங்கள். பிறகு சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு நட்டை இறுக்கி மறுபடி சுற்றிவிடுங்கள். இரண்டாவது முறை வீல் சீக்கிரம் நின்றால் குழாய் குட்டை. நீளமாக இருப்பது அவ்வளவு ஆபத்தில்லை. நூலளவு நீளத்தை நானே கேட்டு வாங்குகிறேன்.

ஹப்புக்கு 6061-டி6 அலுமினியம் போதும். வார்ப்பு வேண்டாம், முழுக்கட்டியில் கடையச் சொல்லுங்கள். பின் ஹப்பில் கப்ளிங் ரப்பருக்கு இடம் விட்டே ஆக வேண்டும். மண்பாதை வண்டிகளின் ஹப் சிலவற்றில் ரப்பர் இருக்காது. விலையும் எடையும் குறைவு என்று அதைப் போட்டால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அடி நேராகக் கியர்பாக்ஸ் பற்களில் விழும்.

இனி கம்பி நீளம். 36 கம்பி, பக்கத்துக்கு 18, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடந்து போகும்படி கட்டுவது வழக்கம். அப்படிக் கடந்தால் கோணம் 60 பாகை. ஹப்பில் துளைகள் அமைந்த வட்டத்தின் ஆரம் 60 மி.மீ., ரிம்மில் நிப்பிள் (கம்பி முனையை இறுக்கும் சிறு நட்டு) உட்காரும் இடத்தின் ஆரம் 212 மி.மீ., ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பின் காது (கம்பி மாட்டும் விளிம்பு) 30 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 212-இன் வர்க்கம், 60-இன் வர்க்கம், 30-இன் வர்க்கம் மூன்றையும் கூட்டுங்கள்: 49,444. அதிலிருந்து 2 × 212 × 60 × 0.5 (60 பாகையின் கொசைன்) ஆகிய 12,720-ஐக் கழித்தால் 36,724. வர்க்கமூலம் 191.6. காதில் உள்ள துளை 4.5 மி.மீ. என்றால் அதில் பாதியைக் கழிக்க, கம்பி 189.4 மி.மீ.

முன் வீலில் இரண்டு காதும் சமதூரத்தில் இருந்தால் ஒரே நீளம் போதும். பின் வீலில் அப்படி அமையாது. ஒரு காது 22, மறுகாது 38 என்று வந்தால் இரு பக்கக் கம்பிகளுக்கும் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வாங்கினால் ஒரு பக்கத்தில் நிப்பிளுக்குள் மரை பாதிதான் பிடிக்கும், மறுபக்கத்தில் கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பியின் தடிமன் பின்னால் 8 கேஜ், அதாவது 4.06 மி.மீ.; முன்னால் 9 கேஜ், 3.66 மி.மீ. இரண்டுக்கும் 8 போட்டாலும் தப்பில்லை.

ரிம் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ரிம்மில் பொறித்த எழுத்து. எம்டி என்றால் டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து வைக்கும் மேடு உள்ளே இருக்கிறது. டபிள்யூஎம் என்றால் டியூப் போடும் பழைய வடிவம். எம்டி-யே வாங்குங்கள். இரண்டாவது, துளையின் சாய்வு. டிரம் பிரேக் ஹப்புக்கென்று துளையிட்ட ரிம்மை டிஸ்க் ஹப்போடு கட்டினால், நிப்பிள் ஒரு திசை பார்க்கும், கம்பி வேறு திசை பார்க்கும். நிப்பிள் வாயிலேயே கம்பி லேசாக மடங்கி நிற்கும். ஒடிவதும் அங்கேதான். அதனால்தான் வெற்று ரிம் வாங்கி, ஹப் தயாரான பிறகு அந்தக் கோணத்துக்குத் துளையிடச் சொல்கிறேன். கம்பியை நேராக ஆரம் போலக் கட்டிக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது ஹப் முறுக்குகிறது, குறுக்கே கடக்கும் கம்பிதான் அந்த முறுக்கை ரிம்முக்குக் கொண்டுபோகும். நேர்க்கம்பியால் முடியாது.

கட்டுவதற்கு ஒரு தட்டையான பலகை வேண்டும். ஹப்பையும் ரிம்மையும் அதில் வைத்து, நீங்கள் குறித்த எண்ணுக்கு ஏற்ப அடியில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். முதலில் காதின் உள்ளிருந்து வெளியே வரும் கம்பிகள், பிறகு வெளியிலிருந்து உள்ளே போகிறவை. காற்று வால்வுத் துளை, ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வர வேண்டும். இல்லையென்றால் காற்றடிக்கும் குழாய் நுழையாது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எல்லா நிப்பிளையும் மரை மறையும் வரை மட்டும் திருகுங்கள். அதன்பின் வால்வில் தொடங்கி வால்வில் முடியுமாறு, சுற்றுக்கு அரைத் திருப்பு. அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முறுக்கிவிட்டால் அதை அவிழ்ப்பதுதான் பெரிய வேலை.

முதலில் மேல் கீழ் ஆட்டத்தை எடுங்கள், பிறகு பக்கவாட்டு ஆட்டத்தை. ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் முள் எங்கே ஏறுகிறதோ அங்கே இரு பக்கக் கம்பிகளையும் இறுக்கினால் அந்த இடம் உள்ளே வரும். பக்கவாட்டுக்கு, ஒரு பக்கம் கால் திருப்பு இறுக்கி, மறுபக்கம் கால் திருப்பு தளர்த்துங்கள். சர்வீஸ் புத்தகங்கள் பலவற்றில் 2 மி.மீ. வரை ஆட்டத்துக்கு அனுமதி உண்டு. அது ஓடித் தேய்ந்த வீலுக்கான சலுகை. புதிதாகக் கட்டிய வீல் அரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். இந்த வேலையின் நடுநடுவே இரண்டிரண்டு கம்பிகளாகச் சேர்த்துக் கையால் அழுத்துங்கள். கம்பித் தலை காதில் சரியாக உட்காரும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். முடிவில் டார்க் ரெஞ்சில் சுமார் 5 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் அந்தக் கம்பி சும்மா இருக்கிறது. நிப்பிளுக்கு மேல் நீட்டிய முனைகளைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அடுத்து டியூபா, டியூப்லெஸ்ஸா? ரிம்மின் வெளி விளிம்பில் கம்பி கட்டும் முறையை பிஎம்டபிள்யூ 1987-இல் ஆர் 100 ஜிஎஸ் வண்டிக்குக் கொண்டுவந்தது. அதில் காற்று கசிய வழியே இல்லை. சாதாரண ரிம்மில் 36 நிப்பிள் என்றால் 36 ஓட்டை. அவற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு நிப்பிள் தலைக்கும் சீலண்ட் வைத்து, காய்ந்த பின் அகலமான சீல் டேப்பை இழுத்து ஒட்டினால் டியூப்லெஸ்ஸாக ஓட்டலாம். ஒட்டிய பின் கம்பியை மறுபடி இறுக்கினால் சீல் பிரியும். ஆகவே முதலில் டியூபோடு ஓட்டி, கம்பி நிலைபெற்ற பிறகு சீல் செய்யுங்கள். டபிள்யூஎம் ரிம்மில் இந்த வேலையே வேண்டாம்: காற்று குறைந்தால் டயர் விளிம்பு நழுவி ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழும். டியூபோடு ஓட்டுகிறவர்கள் ஆணியைக் கண்டு பயப்படுங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும். டியூபில் சட்டென்று போய்விடும். நெடுஞ்சாலையில் அந்த வித்தியாசம் பெரிது.

வீலை மாட்டும்போது ஏபிஎஸ் வளையத்தைப் பாருங்கள். பல் எண்ணிக்கை பழைய வளையத்தோடு ஒத்திருக்க வேண்டும். சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வீலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே, முழுச்சுற்றுக்கும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகினால் வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் போல்ட் தளராமல் பிடிக்கப் புது மரைப்பசை வையுங்கள். பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் நடுவில் டிஸ்க் ஓடுகிறதா, செயின் முன்னே குறித்த கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி ஏபிஎஸ் விளக்கு அணைகிறதா என்று கவனியுங்கள். அணையாவிட்டால் திரும்பி வாருங்கள், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஊர் சுற்றாதீர்கள்.

முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை எல்லாக் கம்பிகளையும் தட்டி, தளர்ந்தவற்றை இறுக்க வேண்டும். அதன்பின் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் தட்டிப் பார்த்தால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. டயர் அளவை அப்படியே வைத்திருங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய அலாய் வீல்களை விற்றுவிடாதீர்கள். டிஸ்க் போல்ட், காலர், ஆக்சில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீலோடு கட்டிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் அதைத்தான் கேட்பார்.