துருப்பிடித்த போல்ட்டுக்கு எது, கிறீச்சிடும் கதவுக்கு எது?

ஸ்கூட்டர் சைலன்சர் போல்ட் ஒன்றை அவசரத்தில் உடைத்திருக்கிறேன். தலை மட்டும் ஸ்பேனரோடு கையில் வந்தது, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. லேத் பட்டறையில் டிரில் போட்டு எடுக்க பாதி நாள் போனது. இத்தனைக்கும் ஸ்பிரே அடித்துவிட்டுத்தான் திருப்பினேன். அடித்தது கதவுக்கு அடிக்கிற சாதா ஸ்பிரே, காத்திருந்தது இரண்டே நிமிஷம். தப்பு இரண்டிலும்தான்.

கடையில் கேட்டால் எல்லாவற்றையும் ‘துரு ஸ்பிரே’ என்றே எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் இறுகினதை விடுவிக்கிற எண்ணெய் வேறு, விடுபட்டதை வழவழவென்று ஓட வைக்கிற எண்ணெய் வேறு.

எல்லோர் வீட்டிலும் இருக்கிற டபிள்யூடி-40-ஐயே பாருங்கள். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி தயாரித்தது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் காக்கத்தான் முதலில் பயன்பட்டது. ஈரத்தை விலக்க நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை என்பதுதான் பெயருக்குப் பொருள். அதில் பெரும்பகுதி ஆவியாகிற கரைப்பான், எண்ணெய் கொஞ்சம்தான். கரைப்பான் பறந்த பிறகு மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். கதவு சில வாரத்தில் மறுபடி கத்த ஆரம்பிப்பது அதனால்தான். ஈரம் விரட்ட, அழுக்கு கழுவ, ஸ்டிக்கர் பசை எடுக்க அருமையான பொருள். லேசான துருவுக்கும் உதவும்.

பெனட்ரேட்டிங் ஆயில் என்று டப்பாவில் போட்டிருப்பது, மரைக்குள், அதாவது போல்ட்டின் திருகு வரிகளுக்குள், ஊடுருவிப் போவதற்கென்றே செய்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் தானாகவே ஏறும். அதற்கு வேண்டியது நேரம்.

சரி, இறுகின போல்ட்டை எப்படிக் கழற்றுவது?

முதலில் கம்பி பிரஷ் போட்டு வெளித்துருவையும் மண்ணையும் தேய்த்து எடுங்கள். மண் அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. போல்ட் தலையில் சுத்தியால் நாலைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், துருவில் விரிசல் விழுந்தால் போதும். இப்போது பெனட்ரேட்டிங் ஆயில் ஸ்பிரே. தலையை நனைத்துப் பயனில்லை, மரை தொடங்குகிற இடத்தில் அடிக்க வேண்டும். குறைந்தது கால் மணி நேரம் விடுங்கள். மறுபடி தட்டி, மறுபடி அடியுங்கள். பழைய துரு என்றால் ராத்திரி முழுக்க ஊறட்டும்.

அப்புறம் தலையை முழுசாகச் சுற்றிப் பிடிக்கிற ரிங் ஸ்பேனர் போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். முதலில் இறுக்குகிற பக்கம் துளி அசைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். அசைந்தால் ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மேலும் ஒரு சொட்டு விட்டு, மறுபடி கழற்றுங்கள். முனகல் சத்தம் குறையக் குறைய எண்ணெய் உள்ளே போகிறது என்று அர்த்தம். ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டு மட்டும் வந்தால் உடனே நிறுத்துங்கள், உடையப்போகிறது.

அசிட்டோனையும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் ஆயிலையும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போச்சு, தீயும் சட்டென்று பிடிக்கும். புதிதாகக் கற்கிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கதவுக் கீல் கதை வேறு. பழைய அழுக்கை டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயால் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்ததும் கீலின் ஊசியில் வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள். கார் கதவுக் கீலுக்கும் இதேதான். கிரீஸ் இல்லையா, தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளாக நாளாகத் தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

கார் கண்ணாடி ஏறி இறங்குகிற ரப்பர் சேனலுக்கு சிலிக்கான் ஸ்பிரே. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில ரப்பர்கள் ஊதிப்போகும். பூட்டுக்குள் எண்ணெயே விடாதீர்கள், தூசி ஒட்டும். கிராஃபைட் தூள் போடலாம், கிடைக்காவிட்டால் சாவியில் பென்சிலை நன்றாகத் தேய்த்து நாலு தடவை நுழைத்து எடுங்கள். பைக் செயினைக் கழுவிய பிறகு செயினுக்கென்றே விற்கிற செயின் லூப் எண்ணெய் அல்லது 90 நம்பர் கியர் ஆயில் போடுங்கள், கழுவின ஸ்பிரேயோடு விட்டால் சீக்கிரம் தேயும்.

பிரேக் டிஸ்க், பேடு பக்கம் இதில் எதுவுமே போகக்கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பிடிக்காது. கார் வீல் போல்ட் மரையிலும் எண்ணெய் விடாதீர்கள், அளவுக்கு மேல் இறுகிவிடும். சூடான சைலன்சர், அடுப்பு இருக்கிற இடத்தில் ஸ்பிரே அடிக்கவே அடிக்காதீர்கள். பல டப்பாக்களில் அதைப் பீய்ச்சுகிற வாயுவே எரியக்கூடியது.

என் ஸ்கூட்டரில் புது போல்ட் மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவினேன். அடுத்த சர்வீஸில் ஸ்பிரே எடுக்கும் முன்பே கழன்றுவிட்டது.