பாரதி பூங்காவில் ஒரு மதியத்தை ஓட்டுவது எப்படி

கடலூரிலிருந்து குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். காலையில் மணக்குள விநாயகரைப் பார்த்தாயிற்று, மதியம் நடை சாத்திவிடுவார்கள், கடற்கரையில் கால் வைக்க முடியாத வெயில், சாயங்காலம் வரை குழந்தைகளை எங்கே வைத்துக்கொள்வது? பக்கத்திலேயே பாரதி பூங்கா இருக்கிறது, நேராக அங்கே போய்விடுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் கேட்கிற காசைக் கொடுத்துவிடாதீர்கள், பேசிவிட்டு ஏறுங்கள். காரில் வருவதென்றால் ஞாயிறு பரவாயில்லை. மற்ற நாட்களில் சட்டப்பேரவை, ஆளுநர் மாளிகை, ஜி.எச். எல்லாம் சுற்றியே இருப்பதால் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். அதிலும் சட்டப்பேரவை கூடுகிற நாள் என்றால் போலீஸ் தடுப்பு வேறு. அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதே மேல்.

உள்ளே போனதும் ஊஞ்சல், சறுக்கு மரம் பக்கம் பிள்ளைகள் ஓடிவிடும், ஓடட்டும். நீங்கள் ஒரு பாயோ பழைய துண்டோ கொண்டுபோயிருந்தால் மர நிழலில் விரித்துக்கொள்ளலாம், பெஞ்சுகளை மதியத் தூக்கக்காரர்கள் முன்னமே பிடித்திருப்பார்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

நடுவில் வெள்ளையாக நிற்கிறதே, அதுதான் ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதுவேதான். செல்பி எடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் பிள்ளைகளுக்குக் கதையையும் சொல்லுங்கள். ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து விஜயநகர மன்னர் கும்பிட்டுவிட்டாராம், விஷயம் தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொல்லிவிட்டாராம், அவளோ தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். மன்னர் கும்பிட்டது கதையாகவே இருக்கட்டும், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது நிஜம். அதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியதுதான் இந்த மண்டபம். ராஜாவுக்கோ கவர்னருக்கோ இல்லாமல், குளம் வெட்டிய ஒரு தாசியின் பெயரில் தலைநகரத்தின் நடு இடத்தில் மண்டபம் நிற்பது சாதாரண விஷயமா என்ன!

பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டதா? பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மணிகளும் பானை ஓடுகளும் அங்கே உண்டு. திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக் கிளம்புகிற நாளை முடிவு பண்ணுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் கிழக்கே நடந்தால் கொஞ்ச தூரத்தில் கடல். ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள், பிள்ளைகளைக் கையை விட்டு நடக்க வைக்கலாம். சுண்டலை மட்டும் அங்கே போய் வாங்குங்கள், பூங்காவுக்குள் சாப்பிட்டுக் காகிதத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள். அப்புறம், கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் வேண்டும் என்றால் எட்டு மணிக்குள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரப் பாருங்கள், ஞாயிறு ராத்திரி கூட்டம் தாங்காது.