உங்கள் உடல் மணத்தோடு ஒத்துப்போகும் பெர்ஃப்யூமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன வருடம் முழுக்க ஒரே பெர்ஃப்யூமைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அடித்தால் பத்து மணிக்கெல்லாம் எனக்கு மணமே தெரியாது. உடனே இன்னும் இரண்டு ஸ்ப்ரே, மதியம் மறுபடி இரண்டு. ஒருநாள் என் மனைவி, "நீங்க கிட்ட வந்தாலே தலை வலிக்குது. உங்க வாசனையே தெரியலை, பாட்டில் வாசனைதான் வருது" என்றாள். அவளுக்குப் பிடித்த ஒன்றை நானே மூடி மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு படித்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

படி 1: முதலில் சொந்த மணம்

அக்குளில் சுரக்கும் வியர்வைக்குச் சுரக்கும்போது வாடை கிடையாது என்றே சொல்லலாம். தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் மணம் பிறக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். இதைத் தெரிந்துகொள்ள, வாசனையில்லாத சோப்பில் குளித்துவிட்டு, டியோடரன்ட் எதுவும் போடாமல், ஒரே பருத்தி டிஷர்ட்டை இரண்டு இரவு போட்டுத் தூங்குங்கள். பிறகு அதை மூடிய கவரில் வைத்து, நெருங்கிய ஒருவரிடம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

1995ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிளாஸ் வெடிகிண்ட் என்ற உயிரியல் ஆய்வாளர் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். ஆண்கள் இரண்டு இரவு போட்ட டிஷர்ட்டுகளைப் பெண்கள் முகர்ந்தார்கள். நோய் எதிர்ப்பு சம்பந்தமான மரபணுக்கள் தங்களிடமிருந்து வேறுபட்ட ஆண்களின் மணமே அவர்களுக்கு இனிமையாகப் பட்டது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் இது தலைகீழாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே இதை வைத்து ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டாம். ஒருவருக்கு முகம் சுளிக்க வைக்கும் மணம் இன்னொருவருக்குப் பிடித்துப்போகலாம், அதை மட்டும் மனதில் வையுங்கள்.

படி 2: எதை வாங்கக் கூடாது

எதிர்பாலினத்தைக் கவரும் பெரோமோன் (ஓர் உயிர் தன் இனத்துக்குச் செய்தி சொல்ல வெளியிடும் வேதிப்பொருள்) இருக்கிறது என்று விற்கும் பாட்டில்களைத் தொடாதீர்கள். பட்டுப்பூச்சியின் பெரோமோனை 1959லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாக இன்றுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. பெரிய பாட்டிலும் முதலில் வேண்டாம். இரண்டு மில்லி சாம்பிள் குப்பிகள் போதும், அதிலும் ஸ்ப்ரே உள்ளதாகப் பாருங்கள். தடவும் குப்பியில் அளவு தெரியாது.

படி 3: தோலில் போட்டுக் காத்திருங்கள்

காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் கால் மணி நேரத்தில் வருவது சீக்கிரம் ஆவியாகும் மேல் மணம். அது போனபின் நடு மணம், சில மணி நேரம் கழித்து அடி மணம். உங்கள் பக்கத்தில் உட்காருபவர் நாள் முழுக்க முகர்வது பின்னால் வரும் இந்த இரண்டையும்தான். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம். நடுவில் காப்பிக்கொட்டையை முகரச் சொல்வார்கள். அதைச் சோதித்துப் பார்த்ததில் சாதாரணக் காற்றைவிட எந்த நன்மையும் தெரியவில்லை. வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள், போதும்.

பிறர் வாங்கித் தந்ததைவிட நீங்களே தேர்ந்தெடுத்ததற்கு மதிப்பு கொடுங்கள். லெனோஹோவா, ஹாவ்லீச்செக் ஆகியோர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தானே தேர்ந்தெடுத்த பெர்ஃப்யூம் அவருடைய அக்குள் மணத்தோடு கலந்தபோது, ஆய்வாளர்கள் கொடுத்த பெர்ஃப்யூமோடு கலந்ததைவிட இனிமையாக மதிப்பிடப்பட்டது. அந்த பெர்ஃப்யூம்களைத் தனியாக முகர்ந்தபோது வித்தியாசம் இல்லை. நமக்கே தெரியாமல் நம் தோலுக்கு ஏற்றதைத்தான் நம் மூக்கு தேடுகிறது போலும்.

படி 4: அளவு (நான் தடுக்கி விழுந்த இடம்)

ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெர்ஃப்யூம் அப்படியே இருக்கும், நமக்கு மட்டும் தெரியாது. "மணம் போய்விட்டது" என்று நான் மறுபடி மறுபடி அடித்தது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. முதல் நாள் சட்டைக்குள் நெஞ்சில் ஒரே ஒரு ஸ்ப்ரே. அரை மணி நேரம் கழித்தும் மூன்று மணி நேரம் கழித்தும், வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்த மனைவியிடம் கேட்டேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் மனம் நோகக் கூடாதென்று "ம்ம், இருக்கு" என்பாள். அதனால் "எவ்வளவு தூரத்துல தெரியுது?" என்று கேட்டேன். கதவருகிலேயே தெரிந்தால் அதிகம். கை நீட்டும் தூரத்தில் தெரியாமல், தோளில் சாயும்போது தெரிந்தால் சரி. எனக்கு நெஞ்சில் ஒன்று, பின்கழுத்தில் ஒன்று என்று முடிந்தது. நடுவில் எனக்கு மணம் தெரியாவிட்டாலும் பாட்டிலைத் தொடுவதில்லை.

இன்னொன்று. கிரெய்க் ராபர்ட்ஸ் குழுவின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், வாசனையுள்ள டியோடரன்ட் போட்ட ஆண்களை ஒலியில்லாத வீடியோவில் பார்த்த பெண்கள், அந்த ஆண்களே அதிகக் கவர்ச்சியானவர்கள் என்றார்கள். வீடியோவில் மணம் வராதே! மாறியது அந்த ஆண்களின் தன்னம்பிக்கையும் நடவடிக்கையும். அதனால் உங்களுக்கே பிடிக்காத மணத்தை ஊருக்காகப் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: "பெர்ஃப்யூம் புதிதாக இருந்தும் எனக்கு முதல் நொடியிலிருந்தே மணம் வரவில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில கஸ்தூரி வகை மூலக்கூறுகள் சிலருடைய மூக்குக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் வேறு வகைக்கு மாறிவிடுங்கள். இல்லையென்றால் அளவு கட்டாயம் மிஞ்சிப்போகும்.

இன்னொருவருக்குக் கழுத்தில் தடிப்பு வந்திருக்கிறது. முழங்கை மடிப்பில் சிறிது போட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள், இதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

"கேட்க வீட்டில் யாரும் இல்லையே, என்ன செய்வது?" என்றும் கேட்டிருக்கிறார்கள். அன்று போட்ட சட்டையை இரவு ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். காலையில் குளிப்பதற்கும் பெர்ஃப்யூம் அடிப்பதற்கும் முன், மூக்கு புதிதாக இருக்கும்போது திறந்து முகருங்கள். மூடியைத் திறந்ததும் பெர்ஃப்யூம் மட்டும் பாய்ந்து வந்தால் ஒரு ஸ்ப்ரேயைக் குறைத்துவிட்டு, மறுநாள் இதையே செய்து பாருங்கள்.