அலுவலக வேலைக்கு லேப்டாப்பா, டேப்லெட்டா: வாங்கும் முன் முடிவெடுப்பது எப்படி?

புது மாடல் வந்தால் ப்ராசசர் எது, எத்தனை கோர் என்றுதான் விவாதம் கிளம்பும். தொழிலுக்காக வாங்குபவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மென்பொருள் பட்டியல்

ஒரு வாரத்தில் நீங்கள் திறக்கும் மென்பொருள் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பிரவுசரிலேயே ஓடுமா, டேப்லெட்டுக்கு ஆப் இருக்கிறதா, விண்டோஸில் மட்டும்தான் ஓடுமா என்று பக்கத்திலேயே குறியுங்கள். பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

ஆப் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஐபேடில் எக்செல் உண்டு, ஆனால் அதில் மேக்ரோ (திரும்பத் திரும்ப வரும் வேலையைத் தானாகச் செய்ய எக்செலில் எழுதி வைக்கும் சிறு நிரல்) ஓடாது. மேக்ரோ வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு ஐபேட் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை.

லேப்டாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024 நடுவிலிருந்து ஸ்நாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் வகைச் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்புகள் வருகின்றன. சார்ஜ் நன்றாக நிற்கும். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதிய மென்பொருள்களையும் பெரும்பாலும் ஓட்டிவிடும். டிரைவர் (பிரின்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) விஷயத்தில் மட்டும் அந்த வித்தை செல்லாது. பழைய ஸ்கேனர், பில் பிரின்டர், அலுவலக விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள்) எல்லாவற்றுக்கும் ஆர்ம் சிப்புக்கான பதிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

படி 2: உட்கார்ந்தா, நின்றுகொண்டா?

சரக்கு எண்ணுவது, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவது, வரைபடத்தில் பேனாவால் குறிப்பது போன்ற வேலைகளில் டேப்லெட்டை லேப்டாப் நெருங்கவே முடியாது. நாள் முழுக்க டைப் செய்பவருக்கு லேப்டாப்தான். சர்ஃபேஸ் ப்ரோ மாதிரி இரண்டும் கலந்தவை மேசையில் அருமையாக இருக்கும். மடியில் வைத்தால் பின்பக்க ஸ்டாண்டு படுத்தும். ரயிலில் வேலை செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படி 3: முழு விலை

டேப்லெட் விலை மலிவாகத் தெரியும். கீபோர்டையும் பேனாவையும் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நல்ல லேப்டாப் விலையே வந்துவிடலாம்.

படி 4: இப்போது உள்ளே பாருங்கள்

ரேம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 ஜிபிதான் என்றாலும், அதை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது தண்டனை. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. தள்ளுபடியில் பழைய மாடல் வாங்குகிறீர்களா? விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அலுவலக நெட்வொர்க் டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்க்க வேண்டுமென்றால் ஹோம் பதிப்பு உதவாது, ப்ரோ தேவை.

ஏஐ ஸ்டிக்கர்? கோபைலட் பிளஸ் என்று போட்டால் நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது போடும் தனிச் சிப் பகுதி உள்ளே இருக்கிறது என்று பொருள். படி 1 பட்டியலில் அதைப் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் இல்லையென்றால், அதற்கென்று கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

படி 5: திருப்பித் தரும் காலத்துக்குள் சோதனை

உங்கள் மிகப் பெரிய எக்செல் கோப்பைத் திறந்து, கூடவே ஒரு வீடியோ அழைப்பில் பேசுங்கள். வெளி மானிட்டரை இணையுங்கள். சில டேப்லெட்டுகள் அதே திரையைப் பெரிதாகக் காட்டுவதோடு சரி. அப்புறம் பிரின்ட் எடுங்கள். இதில் எது தகராறு செய்தாலும் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.